சியாப்பா டியூன்?

மூடியின் நான்கு திருகுகளையும் கழற்றி அலுமினியப் பெட்டியைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தது. பட்டறையில் யாரோ மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள் என்று தம்பி நினைத்தான். அண்ணனுக்கு அந்த வாடை பழக்கம். பலகையின் ஓரத்தில் நின்ற சின்ன உருளைக் கெப்பாசிட்டர்களைத் திருப்புளி முனையால் தொட்டுக் காட்டினார். மூன்றின் காலடியிலும் எண்ணெய் பூசியது போலக் கசிவு. கசிவு பரவிய இடத்தில் பச்சைப் பூச்சு வெளுத்துப்போய், அதன் கீழே ஓடிய செம்புக் கோடு கறுத்திருந்தது. மயிரிழை அகலமுள்ள ஒரு கோடு பாதியிலேயே அறுந்திருந்தது.

“இந்தக் கோட்டை நம்பித்தான் எஞ்சின் ஓடணுமா, அண்ணே?”

“ஆமாடா. இதை நம்பித்தான்.”

அது 2014. கிள்ளானில் டயர்க் கடையும் எக்ஸாஸ்ட் கடையும் வரிசையாக இருக்கும் ஒரு தெருவின் கடைசிப் பட்டறை. அண்ணனுக்கு அங்கே வயரிங் வேலை. தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். 1996-இல் பதிவான ஒரு புரோட்டோன் விரா அவனிடம் இருந்தது. அதில் எவோ 3 எஞ்சினை இறக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் வைத்திருந்த ஆசை.

விரா 1993-இல் வந்த கார். மேலே புரோட்டோன் முத்திரை இருந்தாலும் அடியில் இருப்பது மிட்சுபிஷி லான்சர். அதே தலைமுறை லான்சரின் உடம்பில்தான் லான்சர் எவொல்யூஷன் என்ற எவோ வரிசையின் முதல் மூன்று கார்களையும் மிட்சுபிஷி கட்டியது. அதனால் 1995-இல் வந்த எவோ 3-இன் 4ஜி63 டர்போ எஞ்சின், விராவின் எஞ்சின் அறைக்குள் அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். எவோ 4-இல் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் 180 டிகிரி திருப்பி வைத்துவிட்டார்கள். அதை விராவுக்குள் கொண்டுவருவது பெரிய பாடு. மலேசியாவில் எவோ 3 ஹாஃப்கட்டுக்குக் கிராக்கி குறையாததற்கு இதுவே காரணம். ஜப்பானில் கழித்த காரை நடுவே அறுத்து, எஞ்சின், கியர்பாக்ஸ், வயர்க்கட்டு, கணினி என்று முன்பாதியை அப்படியே கப்பலேற்றி அனுப்புவதுதான் ஹாஃப்கட். 2002-இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரில் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றாரே, அந்தக் காரும் முத்திரை மாற்றிய எவோதான். அந்தச் செய்தி வந்த நாளில் தம்பி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அண்ணன் ஹாஃப்கட்டோடு வந்த அந்தப் பழைய இசியுவை, அதாவது எஞ்சின் கணினியை, காப்பாற்றினார். கெப்பாசிட்டர்களை மாற்றி, கசிவை ஆல்கஹாலால் துடைத்து, அறுந்த கோட்டின் மேல் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தார். 1990-களின் தொடக்கத்து மிட்சுபிஷி கணினிகளில் இந்தக் கசிவு ஊரறிந்த நோய்; சரியான நேரத்தில் பிடித்தால் பிழைத்துக்கொள்ளும். எஞ்சின் இறங்கியது. புஸ்பாகோம் பரிசோதனை, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் எஞ்சின் எண் மாற்றம் எல்லாம் முடிந்து, 270 குதிரைத்திறன் என்று ஜப்பானில் எழுதி அனுப்பிய எஞ்சின் விராவில் ஓர் ஆண்டு பழுதில்லாமல் ஓடியது.

அங்கேயே நின்றிருக்கலாம்.

2015-இல் தம்பி பெரிய டர்போ வாங்கினான். பெரிய டர்போ தள்ளும் காற்றுக்குப் பெட்ரோலும் அதிகம் வேண்டும் என்பதால், நிமிடத்துக்கு 510 சிசி பாய்ச்சும் பழைய இஞ்செக்டர்களை எடுத்துவிட்டு 720 சிசி இஞ்செக்டர்களைப் போட்டார்கள். கணினிக்கு இந்த மாற்றம் தெரியாது. பழைய இஞ்செக்டருக்கான கணக்கிலேயே திறந்து மூடினால் எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிவிடும். அதற்கு அந்தக் காலத்து வழி, காற்றளவு மானிக்கும் இசியுவுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகுவது. பிக்கிபேக் என்பார்கள். எவோ 3-இன் மானி, காற்று போகும் அளவுக்கு ஏற்பத் துடிப்புகளை அனுப்பும். நடுப்பெட்டி அந்தத் துடிப்புகளைக் குறைத்துச் சொல்லும். 510-ஐ 720-ஆல் வகுத்தால் 0.71. ஆக, நூறு பங்கு காற்று போனால் எழுபத்தொரு பங்குதான் போகிறது என்று கணினியிடம் பொய் சொன்னார்கள். பெட்ரோல் கணக்கு அழகாகச் சரியானது. சாலையில் கார் பாய்ந்தது.

கணினி காற்றளவை வைத்துப் பெட்ரோலை மட்டும் கணக்கிடுவதில்லை. ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் அதே அளவிலிருந்துதான் எடுக்கிறது. அந்தப் பெட்டியை விற்கும்போது இதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. காற்று குறைவு என்றால் சுமை குறைவு என்று பொருள்; சுமை குறைந்தால் ஸ்பார்க்கை முன்கூட்டி அடிக்கலாம். முழு அழுத்தத்தில் 12 டிகிரிக்கு அருகே இருக்க வேண்டிய ஸ்பார்க், இந்தப் பொய்யால் 20 டிகிரிக்குப் பக்கத்தில் போய் நின்றது. பெட்ரோல் கலவை முழுதாக எரியும் முன்பே சிலிண்டருக்குள் தானாக வெடிக்கத் தொடங்கியது. வெளியே கேட்கவில்லை. எக்ஸாஸ்ட் சத்தம் அதை மூடிவிட்டது.

இரண்டு மாதத்தில் ஆயில் குச்சியின் துளை வழியாகப் புகை வந்தது. கம்ப்ரெஷன் பார்த்தபோது மூன்று சிலிண்டர்கள் நன்றாக இருந்தன. மூன்றாம் எண் சிலிண்டரில் பாதிகூட இல்லை. தலையைக் கழற்றி பிஸ்டனை வெளியே எடுத்தார்கள். முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய விளிம்பு, சுண்டுவிரல் நீளத்துக்கு உடைந்து போயிருந்தது. அந்தத் துண்டு ரிங் பள்ளத்துக்குள்ளேயே சிக்கியிருந்தது. அண்ணன் அதைக் கிடுக்கியால் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். வயரிங் முழுக்க அவர் கையால் செய்தது. தம்பி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அந்த இரவே அவர் முடிவு எடுத்துவிட்டார்: இனி கணினியை ஏமாற்றும் வேலை கிடையாது. எஞ்சினைத் திரும்பக் கட்டுவதானால், இருக்கும் எஞ்சினை இருக்கிறபடியே எடுத்துச் சொல்லக்கூடிய, முழுக்கத் தனியாக இயங்கும் இசியுதான் வைக்க வேண்டும். எந்த இசியு என்ற கேள்விக்கு விடை கிடைக்க எட்டு மாதம் ஆனது.

தம்பி கேட்டது 500 குதிரைத்திறன். “500 குதிரையைத் தாங்கும் கம்ப்யூட்டர் எது?” என்றுதான் போகிற இடமெல்லாம் கேட்டான். புதிதாக இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. கணினி வழியாகக் குதிரைத்திறன் பாய்வதில்லை. கிராங்க் சுழல்வதைப் பல் பல்லாக எண்ணுவது, அழுத்தமும் வெப்பமும் பார்ப்பது, இஞ்செக்டரைத் திறப்பது, ஸ்பார்க் அடிப்பது, இவைதான் அதன் வேலை. 100 குதிரை எஞ்சினிலும் 1,000 குதிரை எஞ்சினிலும் அதே வேலைதான். எத்தனை நுட்பமாக எண்ணுகிறது, எத்தனை கருவிகளைக் கவனிக்கிறது, தப்பு நடந்தால் என்ன செய்கிறது என்பதில்தான் ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு.

அண்ணன் டிஎன்பி மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். டர்போ எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.27 கிலோ பெட்ரோல் வேண்டும். 500-க்கு 135 கிலோ. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 34 கிலோ. இஞ்செக்டரை முழு நேரமும் திறந்தே வைக்கக் கூடாது. 85 விழுக்காட்டோடு நிறுத்த வேண்டும் என்றால் 40 கிலோ பாய்ச்சும் இஞ்செக்டர் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் 740 கிராம் அளவில் இருக்கும். ஆக நிமிடத்துக்கு 900 சிசி. கடையில் கிடைப்பது 1,000 சிசி.

அந்த 1,000 சிசி இஞ்செக்டர்தான் கணினியைச் சோதிக்கும். எஞ்சின் 7,500 சுற்றில் ஓடும்போது ஒரு முழு சுழற்சிக்கு இருக்கும் நேரம் 16 மில்லிசெகண்ட்; இஞ்செக்டர் 13-ஐத் தாண்டித் திறந்திருக்கும். அது எளிது. அதே எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது 2 மில்லிசெகண்டுக்குள் திறந்து மூட வேண்டும். அதிலும் மின்சாரம் வந்து ஊசி எழும்புவதற்கே ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் வீணாகிறது. இந்த வீண் நேரம் பேட்டரி அழுத்தம் குறைந்தால் கூடும். ஏர்கோன் போட்டதும் ஐடில் தள்ளாடும் கார்களில் பல, இந்த வீண் நேர அட்டவணையைச் சரியாக நிரப்பாததால் தள்ளாடுபவைதான். பெரிய எண்ணை விரட்டுகிறவர்கள் இந்தச் சின்ன எண்ணில்தான் தடுக்கி விழுவதை அண்ணன் அந்தப் பட்டறையில் பல தடவை பார்த்திருக்கிறார்.

பெட்டிகளைத் தேடும் படலம் நீண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு பெயர்கள் வந்தன: 1986-இல் சிட்னியில் தொடங்கிய ஹால்டெக், 1987-இல் மெல்போர்னில் தொடங்கிய மோடெக். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து லிங்க். ஜப்பானின் எச்கேஎஸ் எஃப்-கான் வி புரோ. இதைத் திறந்து திருத்தும் மென்பொருள் அந்த நிறுவனம் அங்கீகரித்த கடைகளிடம்தான் இருக்கும். வாங்கியவர் காரை ஓட்டலாம். பெட்ரோல், ஸ்பார்க் எண்கள் அடங்கிய மேப்பைத் தொட முடியாது. மோடெக்கில் எல்லாம் இருந்தது, விலையும் இருந்தது. தரவுப் பதிவு வசதி போன்ற சிலவற்றைத் தனியாகக் காசு கட்டித் திறக்க வேண்டிய பெட்டிகளும் அதில் உண்டு. பந்தய அணிக்கு அது பொருந்தும். கிரேன் ஓட்டுபவனின் சம்பளத்துக்குக் கொஞ்சம் எட்டாத் தூரம்.

அண்ணனின் மனம் சாய்ந்தது மெகாஸ்குவர்ட் பக்கம். 2001-இல் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் தொடங்கியது அது. பலகையும் உதிரிகளும் தனித்தனியாக வரும். நாமே பற்றவைத்துக் கட்டலாம். முன்பு ஒரு நண்பரின் பழைய புரோட்டோன் சாகாவுக்கு, கார்புரேட்டரை எடுத்துவிட்டு, இரண்டு வாரக் கண்விழிப்பில் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். சிலிண்டர் தோறும் எங்கே எது போகிறது என்று அவருக்குக் கற்றுக் கொடுத்ததே அந்தப் பலகைதான். அதற்கு அவர் இன்றுவரை நன்றி சொல்வார்.

இப்படி இழுபறியாக இருந்தபோதுதான் ஈப்போவில் ஒரு சீன டியூனரைப் போய்ப் பார்க்கும்படி பட்டறைக்காரர் சொன்னார். அறுபதை நெருங்கிய மனிதர். நான்கு சக்கரத்தையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்கும் டைனோ அவரிடம் இருந்தது. இருவரும் அவரைத் தவுக்கே என்று அழைத்தார்கள்; பேச்செல்லாம் மலாயில். அண்ணன் தன் குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பெட்டிகளின் சாதக பாதகங்களைச் சொல்ல ஆரம்பித்தார். தவுக்கே தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்:

“சியாப்பா டியூன்?”

யார் டியூன் செய்யப் போகிறார்கள்? எட்டு மாதமாக அண்ணன் புரட்டிய ஏடுகளில் இந்தக் கேள்வி இல்லை. எந்தப் பெட்டி சிறந்தது என்று தேடியவர், அந்தப் பெட்டியின் முன்னால் உட்காரப் போகும் மனிதரைத் தேடவில்லை. தவுக்கே விளக்கினார். தனக்கு மூன்று கம்பெனிப் பெட்டிகள் கைவந்தவை. மற்றவற்றையும் செய்யலாம், ஆனால் மென்பொருளைக் கற்றுக்கொள்ளும் நேரத்துக்கும் உங்கள் எஞ்சின்தான் விலை கொடுக்கும் என்றார். மெகாஸ்குவர்ட்டைக் குறை சொல்லவில்லை. “நீயே கட்டி நீயே டியூன் செய்வதானால் அதை வாங்கு. உன்னால் முழு அழுத்தத்தில் டியூன் செய்ய முடியுமா?” என்றார். முடியாது என்று அண்ணன் சொன்னார். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான். பழைய சாகாவில் தவறினால் மறுபடி முயலலாம், 1.6 பார் அழுத்தத்தில் தவறினால் இன்னொரு பிஸ்டன்.

தம்பி வேறொன்று கேட்டான். “மேப்புக்குப் பூட்டு போடுவீங்களா, தவுக்கே?” சில டியூனர்கள் தங்கள் உழைப்பைப் பிறர் நகலெடுக்காமல் இருக்க மேப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுவார்கள். கார் சொந்தம், கணினி சொந்தம், உள்ளே இருக்கும் எண்கள் மட்டும் வேறொருவருடையது. அந்த டியூனர் கடையை மூடிவிட்டால் பழைய கதை முதலிலிருந்து தொடங்கும். தவுக்கே தலையை ஆட்டினார். “காசு கொடுத்தவனுக்குக் கோப்பு சொந்தம்.”

அப்படித்தான் ஹால்டெக் முடிவானது. தவுக்கேவுக்குக் கைவந்த மூன்றில் அது ஒன்று, மேப் திறந்திருக்கும், ஆயில் அழுத்தம், பெட்ரோல் அழுத்தம், எரிகலவை ஆகியவற்றைக் கவனித்து, கோளாறு வந்தால் தானே எஞ்சினை அடக்கும் வசதி அதில் இருந்தது, விலையும் கைக்கு எட்டியது. வேறொரு ஊரில், வேறொரு டியூனருக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் லிங்க் வாங்கியிருப்பார்கள். அதுவும் சரியான முடிவாகவே இருந்திருக்கும்.

பெட்டி வந்த பிறகு அண்ணனின் வேலை தொடங்கியது. எவோ 3-இல் எஞ்சின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சொல்வது கேம்ஷாஃப்ட் முனையில் இருக்கும் ஓர் உணரி. உள்ளே சுழலும் தட்டில் வெளிவட்டத்தில் நான்கு துளை, உள்வட்டத்தில் இரண்டு. கிராங்க் 180 டிகிரி திரும்பினால் ஒரு தகவல். நடுவில் என்ன நடக்கிறது என்பதைக் கணினி ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் கிராங்கிலிருந்து நேரடியாக வருவதில்லை, டைமிங் பெல்ட் சுற்றி மேலே போய் வருகிறது. 7,500 சுற்றில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 45 டிகிரி திரும்பிவிடும். பெல்ட்டின் இழுபறியில் பத்தில் ஒரு பங்கு மில்லிசெகண்ட் தவறினாலே ஸ்பார்க் 4 டிகிரி நகர்ந்துவிடும். மிட்சுபிஷி நிர்ணயித்த அழுத்தத்தில் அது பொறுக்கக்கூடியது. இங்கே 4 டிகிரிக்கு ஒரு பிஸ்டன் விலை.

ஆகவே கிராங்க் புல்லியின் பின்னால் 36 பல்லுக்கு இடம் வைத்து ஒரு பல்லை மட்டும் விட்டுவிட்ட சக்கரம் பொருத்தினார்கள். பத்து டிகிரிக்கு ஒரு பல். விட்டுப்போன பல்லின் இடைவெளியை வைத்துக் கணினி கிராங்க் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும். காந்த உணரியை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்த, அண்ணன் தாங்கியை மூன்று தடவை செய்தார். அழுத்த உணரிக்கும் ஒரு விவாதம் நடந்தது. 1.6 பார் டர்போ அழுத்தம் என்றால் வெளிக்காற்றையும் சேர்த்து 2.6 பார், 3 பார் உணரியே போதும் என்றான் தம்பி. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஒரு நாள் மூடிக்கொண்டு அழுத்தம் எகிறினால் அந்த எகிறலைப் பார்க்க இடம் வேண்டாமா என்று அண்ணன் 4 பார் வாங்கினார்.

ஹாஃப்கட்டோடு வந்த இருபது ஆண்டுப் பழைய வயர்க்கட்டை அவர் மறுபடி பயன்படுத்தவில்லை. மடக்கினால் உறை உதிர்ந்தது. புதிதாகவே கட்டினார், ஒவ்வொரு வயருக்கும் எண், ஒவ்வொரு ரிலேக்கும் தனி ஃபியூஸ், எல்லா எர்த்தும் எஞ்சின் தலையில் ஒரே இடத்தில். துறைமுக வேலை முடிந்து தம்பி வந்து விளக்குப் பிடிப்பான். பெட்டிக்கு ஆன காசில் பாதி அளவு, வயரிங்குக்கும் உணரிகளுக்கும் தனியாகப் போயிற்று. பட்ஜெட் போடுகிறவர்கள் மறக்கும் தொகை இது.

முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பற்றிக்கொண்டது. ஸ்பார்க்கை 15 டிகிரியில் பூட்டி, டைமிங் விளக்கைக் காட்டினார்கள். ஐடிலில் புல்லியின் கோடு அசையவில்லை. 5,000 சுற்றைத் தாண்டியதும் எஞ்சின் இருமியது. திரையில் டிரிக்கர் பிழை எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறியது. உணரியா, பல்லா, பெட்டியா என்று இரண்டு இரவு தேடி, கடைசியில் தன் வயர்க்கட்டின் மேலேயே கை வைத்தார். உணரியின் வயர், காயிலுக்குப் போகும் வயரோடு ஒரே உறைக்குள் ஒரு முழம் தூரம் ஒட்டியே ஓடியிருந்தது. கவச வலையும் இரு முனையிலும் எர்த் செய்யப்பட்டிருந்தது. ஒரு முனையில் மட்டும்தான் செய்ய வேண்டும். பிரித்து, வேறு வழியே விட்டு, மறு முனையை வெட்டிவிட்டார். 7,000 வரை பிழை பூஜ்யம். கோடு 15-இலேயே நின்றது. அந்த இரண்டு இரவை அவர் தண்டம் என்று நினைக்கவில்லை. டியூன் அன்று ஈப்போவில் கண்டுபிடித்திருந்தால் மணிக்கணக்குக்குக் காசு போயிருக்கும். கண்டுபிடிக்காமலே போயிருந்தால் எஞ்சின் போயிருக்கும்.

2016 இறுதியில் லாரியில் ஏற்றிக் காரை ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். தவுக்கே அவசரப்படவில்லை. காலை முழுவதும் ஐடிலும் மெதுவான ஓட்டமும்தான். வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் 0.8 பாரில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பதிவைப் பார்த்து, ஒவ்வொரு படியாக ஏற்றினார். எரிகலவை லாம்டா 0.78-க்கும் 0.80-க்கும் நடுவில் நிற்கும்படி வைத்தார். எஞ்சின் பிளாக்கில் ஓர் ஒலி உணரியைத் திருகி, அதன் வயரைத் தன் காதில் மாட்டிய பெரிய ஹெட்போனில் செருகியிருந்தார். கண் திரையில், காது பிளாக்கில்.

1.6 பாரில், பங்கில் வாங்கிய ரோன் 97 பெட்ரோலில், சக்கரத்தில் 402 குதிரைத்திறன் காட்டியது. அடுத்த ஓட்டத்துக்கு ஸ்பார்க்கை ஒரே ஒரு டிகிரி முன்னால் தள்ளிவிட்டு, ஹெட்போனைக் கழற்றித் தம்பியின் காதில் மாட்டினார். ஓட்டம் தொடங்கியது. மூன்றாயிரம், நான்காயிரம், ஐந்தாயிரம். தம்பியின் முகம் மாறியதை அண்ணன் பார்த்தார். ஆறாயிரத்துக்குப் பக்கத்தில், தகரத்தில் நாலு அரிசி விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டதாம். அவ்வளவுதான். தவுக்கே உடனே காலை எடுத்துவிட்டு, ஒரு டிகிரிக்கு மேலாகவே பின்னுக்கு இழுத்து வைத்தார். “உன் பழைய பிஸ்டன் இதைத்தான் இரண்டு மாதம் கத்திக்கொண்டிருந்தது” என்றார்.

அந்த ஓட்டத்துக்குப் பிறகு தம்பி 500 என்ற எண்ணை வாயில் எடுக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு செப்பாங்கில் ஒரு டிராக் நாள். 5.543 கிலோமீட்டர் சுற்று, 15 வளைவு. மதியம் நான்காவது சுற்றில் நீளமான ஒரு வளைவின் நடுவே கார் திடீரென்று அடங்கியது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு. தம்பி காரைப் பிட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தான். எஞ்சின் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் ஆகவில்லை, கணினிக்குத்தான் ஏதோ கோளாறு என்றான். அண்ணன் மடிக்கணினியைச் செருகிப் பதிவை விரித்தார். நீலக்கோடு பெட்ரோல் அழுத்தம். வளைவு முழுக்க நேராக வந்த கோடு, ஓரிடத்தில் கிணற்றில் கல் விழுந்தது போலச் செங்குத்தாக இறங்கியிருந்தது. டாங்கில் பெட்ரோல் குறைவு. வளைவில் இருந்தது எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. கோடு இறங்கத் தொடங்கியதற்கும் கணினி எஞ்சினை அடக்கியதற்கும் நடுவில் இருந்தது அரை விநாடிக்கும் குறைவு. லாம்டா கோடு வறட்சிப் பக்கம் இப்போதுதான் தலை தூக்கியிருந்தது. பழைய பெட்டியாக இருந்தால் இந்த அரை விநாடி கதையே தெரியாது. அது கேட்கவும் கேட்காது, நிறுத்தவும் நிறுத்தாது.

அண்ணன் அந்த நீலக்கோட்டைப் பெரிதாக்கி, ஒரு சொல்லும் சொல்லாமல், தம்பி பக்கம் திருப்பி வைத்தார். மாலையில் டாங்குக்குள் தடுப்புத் தகடும் தனிச் சேமிப்புக் குடுவையும் வைக்க அளவெடுத்தார்கள்.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் இன்றைக்கும் அந்தப் பட்டறைக்கு வருகிறார்கள். டர்போவின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, “இதுக்கு எந்த இசியு போடலாம், அண்ணே?” என்று கேட்பார்கள். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே திருப்பிக் கேட்பது தவுக்கேவின் அதே இரண்டு சொல்தான். பதில் இல்லாதவர்களிடம், டர்போவுக்கு முன்பணம் கட்டாதே, முதலில் போய் டியூன் செய்பவரைப் பார்த்துவிட்டு வா என்பார்.

பழைய இசியு பட்டறை அலமாரியில் ஒரு பாலித்தீன் பையில் இருக்கிறது. அதோடு அந்த உடைந்த விளிம்புத் துண்டும். விராவில் இப்போது ஓடுவது 31-ஆவது மேப். முந்தைய முப்பது மேப்களும் தேதி எழுதி, பூட்டு எதுவும் இல்லாமல், தம்பியின் பென்டிரைவில் இருக்கின்றன. ஒரு நகல் அண்ணனிடம்.